கூண்டுச் சண்டையில் கூலி எவ்வளவு?

அன்று வெள்ளிக்கிழமை. பள்ளி முடிந்து பிள்ளைகளெல்லாம் வீட்டுக்குப் போய்விட்டார்கள். வகுப்பறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தால், பள்ளி வாசலில் ஓர் அம்மா நின்றுகொண்டிருந்தார். செம்பனைக் காட்டில் வேலை முடித்து, குளித்து, நெற்றியில் திருநீறு இட்டுக்கொண்டு வந்திருந்தார். பத்து ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஆறாம் ஆண்டு படித்த ஒரு பையனின் தாயார்.

"சார், நீங்கதான் அவனுக்குப் புத்தி சொல்லணும். பேக்டரி வேலைய விட்டுட்டு சண்டைக்காரனா போறேங்கிறான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தோட்டத்துப் பள்ளியில் நெடுநாள் வேலை பார்த்தவனுக்கு, 'சண்டை' என்றதும் எந்த நினைப்பு வரும் என்று உங்களுக்கே தெரியும். "எந்தக் கூட்டத்தோடம்மா சேர்ந்துட்டான்?" என்று கேட்டுவிட்டேன்.

"ஐயோ, அந்தச் சண்டை இல்ல சார்! போன்ல பாக்குறாங்களே, கம்பிக் கூண்டுக்குள்ள அடிச்சுக்குவாங்களே, அது. ராத்திரி ராத்திரி பாலத்தைத் தாண்டிப் பினாங்கு டவுனுக்குப் போய்ப் பழகுறான். பழகட்டும், நான் தடுக்கல. அதனாலதான் அந்தக் கூட்டத்துப் பசங்களோட சேராம இருக்கான். ஆனா வேலைய விடுறேங்கிறானே சார்! எழுத்துகூட எழுதி வெச்சிருக்கான்."

இந்தத் தாயின் பேச்சில் இரண்டு பயம் இருந்தது. தடுத்தால் பிள்ளை கெட்ட கூட்டத்தில் சேர்ந்துவிடுவானோ என்பது ஒன்று. விட்டால் வயிற்றுக்கு வழியில்லாமல் போவானோ என்பது இன்னொன்று. நம்மில் எத்தனை வீடுகளில் இதே பேச்சு நடக்கிறதோ! அதனால்தான் இந்தக் கட்டுரை.

ஞாயிற்றுக்கிழமை அவன் என் வீட்டுக்கு வந்தான். பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. தோள் இரண்டும் தேக்குக் கட்டைபோல் இருந்தன. "சார், நீங்க ஒரு தரம் வந்து பாருங்க. அப்புறம் வேணாம்னு சொல்லுங்க," என்றான். அது நியாயமாகப் பட்டது. பார்க்காமல் பேசுவது வாத்தியாருக்கு அழகில்லை அல்லவா?

மாடியில் ஒரு களரி

மறுநாள் மாலை அவன் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறிக்கொண்டேன். பினாங்குப் பாலத்தில் 2019 முதல் மோட்டார் சைக்கிளுக்கு டோல் கிடையாது. அவன் செலவுக் கணக்கில் மிச்சமாவது அது ஒன்றுதான் என்று பிறகு தெரிந்தது.

ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் மேல்மாடி. கீழே மோட்டார் சாமான் கடை. படியேறும்போதே தைல வாசனையும் வியர்வை வாசனையும் மூக்கில் ஏறின. தரை முழுதும் மெத்தைபோன்ற பாய். மலாய்க்காரப் பையன்கள், சீனப் பையன்கள், நம் பையன்கள் நாலைந்து பேர், இரண்டு பெண்கள், ஒரு வெள்ளைக்காரர். உள்ளே நுழையும்போது ஒவ்வொருவரும் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டுத்தான் பாயை மிதித்தார்கள். கத்தல் இல்லை, கெட்ட வார்த்தை இல்லை. ஒருவன் இன்னொருவனைக் கீழே தள்ளி, கையை மடக்கிப் பிடித்தான். பிடிபட்டவன் பாயில் இரண்டு தட்டுத் தட்டினான். உடனே பிடி விட்டது. இருவரும் சிரித்துக்கொண்டே எழுந்தார்கள்.

உண்மையைச் சொல்கிறேன், நான் நினைத்து வந்தது வேறு. சிலம்பக் களத்தில் ஆசானுக்கு எவ்வளவு மரியாதையோ, அவ்வளவு மரியாதையை இங்கேயும் பார்த்தேன்.

அவர்களுக்குப் பழக்கிக் கொடுப்பவரும் மேடையில் சண்டை போட்டவர்தான். ஓய்வு நேரத்தில் அவரிடம் கேட்டேன்: "சண்டையிலே வருமானம் எப்படி?" அவர் சிரித்தார். மாலையில் அலுவலகம் விட்டு வருகிறவர்களுக்கும் சிறுவர்களுக்கும் சொல்லிக் கொடுக்கும் காசில்தான் வீட்டு வாடகை கட்டுவதாகச் சொன்னார். பையன் அதைக் காதில் வாங்காததுபோல் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

எம்.எம்.ஏ. என்பது என்ன?

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எம்.எம்.ஏ. என்பது கலப்புத் தற்காப்புக் கலை. குத்துச்சண்டையின் குத்து, தாய்லாந்து முவாய்தாயின் உதை, மல்யுத்தத்தின் தூக்கு, ஜூடோவின் வீழ்த்து, பிரேசில் ஜூஜிட்சுவின் பிடி, எல்லாம் இதில் செல்லும். கைக்குச் சிறிய உறை. பொதுவாக ஐந்து நிமிடச் சுற்று மூன்று. பட்டத்துக்கான சண்டை என்றால் ஐந்து சுற்று. எதிராளி மயங்கினாலோ, தாங்க முடியாமல் தட்டினாலோ, நடுவர் நிறுத்தினாலோ முடிந்தது. இல்லையேல் தீர்ப்பாளர்கள் முடிவு சொல்வார்கள்.

1993-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் அமெரிக்காவின் டென்வர் நகரில் யு.எஃப்.சி. என்ற பெயரில் முதல் போட்டி நடந்தது. எட்டுப் பேர் மோதினார்கள். பிரேசில் நாட்டு ராய்ஸ் கிரேசி என்ற மெலிந்த மனிதர், தம்மைவிடப் பெருத்தவர்களைப் பிடி போட்டே வென்று 50,000 டாலர் பரிசு பெற்றார். அன்று விதிகள் மிகக் குறைவு. இன்று எடைப் பிரிவு, மருத்துவச் சோதனை, தடை செய்யப்பட்ட அடிகள் என்று நீண்ட பட்டியலே இருக்கிறது. நம் பக்கத்தில் சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு 2011-ல் 'ஒன் சாம்பியன்ஷிப்' தொடங்கியது. அதன் பிறகுதான் மலேசியப் பையன்களுக்கும் பெண்களுக்கும் பெரிய மேடை கிட்டியது. சபாவின் ஆன் ஒஸ்மான் 2013-ல் அந்தக் கூண்டுக்குள் இறங்கினார். அவருக்குப் பின் ஜொகூரின் ஜிஹின் ரட்சுவான் வந்தார்.

செந்தூல் தந்த அகிலன்

"நம்ம ஆள் ஒருத்தர் இருக்காரே சார், அகிலன் தணி!" என்றான் பையன். அந்தப் பெயரைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

கோலாலம்பூர் செந்தூலில் வளர்ந்தவர் அகிலன். சிறுவயதில் உடல் பருமன். அதனால் கேலிக்கு ஆளானவர். எடையைக் குறைக்கத்தான் பயிற்சிக் கூடத்துக்குள் போனார். போனவர் அங்கேயே ஊன்றிக்கொண்டார். தொழில்முறைச் சண்டையில் ஒன்றுகூடத் தோற்காமல், 21-ஆம் வயதில் உலகப் பட்டத்துக்கே போட்டியிட்டார். 2017 மே 26-ஆம் நாள், சிங்கப்பூர் உள்ளரங்கம். எதிரே நின்றவர் அமெரிக்காவின் பென் ஆஸ்க்ரென். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் மல்யுத்தம் செய்தவர். முதல் சுற்றிலேயே அகிலனைக் கீழே தள்ளி, கழுத்துப் பிடி போட்டு முடித்துவிட்டார். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

அதோடு அகிலன் ஓய்ந்துவிடவில்லை. 2019 ஜூன் மாதம் ஷாங்காயில், ஆசியா முழுதும் பேர் பெற்ற ஜப்பானிய வீரர் யோஷிஹிரோ அக்கியாமாவைப் புள்ளிக் கணக்கில் வென்றார். செந்தூல் பையன் ஒருவன் அப்படி ஒருவரை வெல்வது சாதாரணக் காரியமா? நமக்கெல்லாம் பெருமைதான்.

ஆனால் தம்பியிடம் நான் வேறொன்றைச் சொன்னேன்: "சிங்கப்பூரில் அந்தச் சண்டை மூன்று நிமிடம் நடக்கவில்லை. அதற்காக அவர் எத்தனை மாதம் காலையும் மாலையும் உழைத்திருப்பார்? அந்த மாதங்களுக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்?"

அவன் பதில் சொல்லவில்லை. நான் ஒரு கணக்கு நோட்டை எடுத்தேன்.

நோட்டில் போட்ட கணக்கு

இந்தத் தொழிலில் கூலி இரண்டு பங்காக வரும். மேடை ஏறுவதற்கு ஒரு தொகை. வென்றால் அதே அளவு இன்னொரு தொகை. தோற்றால் பாதிதான். அமெரிக்காவின் யு.எஃப்.சி.யில் புதிதாகச் சேருகிறவருக்கு, அண்மை ஆண்டுகளில், ஏற 12,000 டாலர், வென்றால் இன்னும் 12,000 டாலர் என்பது பலரும் சொல்லும் கணக்கு. உலகத்திலேயே பெரிய மேடையின் முதல் படி அது. உள்ளூர் மேடையில் அதற்கு எவ்வளவோ கீழே. பழக்கநிலைப் போட்டியென்றால் ஒரு பதக்கமும் கைதட்டலும்தான்.

ஒரு பேச்சுக்கு நாங்களே தொகை வைத்துக்கொண்டோம். ஏற 4,000 ரிங்கிட், வென்றால் 4,000 ரிங்கிட். ஆண்டுக்கு மூன்று சண்டை. இரண்டில் வெற்றி, ஒன்றில் தோல்வி. நல்ல ஆண்டு என்றே வைத்துக்கொள்வோம்.

மேடை ஏறிய கூலி 12,000. வெற்றிக் கூலி 8,000. மொத்தம் 20,000 ரிங்கிட்.

பையன் கண் மலர்ந்தது. "பாத்தீங்களா சார்!" என்றான். "பொறு தம்பி, கழித்தல் கணக்கு இன்னும் போடவில்லை," என்றேன்.

நிர்வாகிக்கும் பயிற்றுநருக்கும் சேர்த்து நூற்றுக்கு இருபது: 4,000 போயிற்று. பயிற்சிக் கூடக் கட்டணம், கையுறை, பல்காப்பு, பெட்ரோல் என்று மாதம் 300: ஆண்டுக்கு 3,600. முட்டை, கோழி, சத்துணவு, இரத்தச் சோதனை, சுளுக்கு வைத்தியம் என்று மாதம் 200: ஆண்டுக்கு 2,400. எல்லாம் கழித்தால் மிச்சம் 10,000 ரிங்கிட். மாதத்துக்கு 833!

இப்போது தொழிற்சாலைக் கணக்கு. 2025 முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். ஓவர்டைம் எதுவும் இல்லாமலே ஆண்டுக்கு 20,400. அதற்கு மேல் முதலாளி தம் பங்காக நூற்றுக்கு 13 வீதம் ஊழியர் சேமநிதியில் போடுகிறார். அது ஆண்டுக்கு ஏறக்குறைய 2,650 ரிங்கிட். சொக்சோ பாதுகாப்பு தனி. மருத்துவ விடுப்பு தனி.

இன்னொரு வரியும் எழுதினேன். இரண்டாம் சண்டைக்கு மூன்று வாரம் இருக்கும்போது முட்டி பிசகிவிட்டது என்று வைத்துக்கொள். அல்லது எதிராளிக்குக் காய்ச்சல், சண்டை ரத்து. வெல்லக்கூடிய ஒரு சண்டை போனால் 8,000 போயிற்று. செலவு மட்டும் போகாது. நிர்வாகி பங்கும் செலவும் போக, அந்த ஆண்டு முழுவதும் உழைத்ததற்கு மிச்சம் 3,600 ரிங்கிட்.

பையன் நோட்டை என் கையிலிருந்து வாங்கி, கூட்டலையும் கழித்தலையும் தானே ஒருமுறை சரிபார்த்தான். நான் சொல்லிக் கொடுத்த கணக்குதான்!

செக்ரோலில் பேர் இல்லாத வேலை

தோட்டத்து மக்களுக்கு இதை விளக்குவது எளிது. செக்ரோலில் பேர் இருக்கிறவருக்கும் கொந்தராக்கு ஆளுக்கும் என்ன வித்தியாசம் என்று நம் வீட்டுக் குழந்தைகூடச் சொல்லும். செக்ரோலில் பேர் இருந்தால் சேமநிதி உண்டு, சொக்சோ உண்டு, ஆஸ்பத்திரி உண்டு. கொந்தராக்கு ஆளுக்கு வேலை நடந்த நாளுக்குத்தான் காசு. கூண்டுச் சண்டைக்காரர், எவ்வளவு பெரிய வெளிச்சத்தில் நின்றாலும், பெரும்பாலும் கொந்தராக்கு ஆள்தான்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. நமக்கு 1954 முதல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் இருக்கிறது. குறை நிறை ஆயிரம் சொல்லலாம். ஆனாலும் முதலாளியோடு உட்கார்ந்து பேச ஒரு நாற்காலி கிடைத்தது. அமெரிக்காவின் கூடைப்பந்து ஆட்டக்காரர்களுக்கும் சங்கம் உண்டு. அங்கே வருமானத்தில் ஏறக்குறைய பாதி ஆட்டக்காரர்களுக்குப் போகிறது. யு.எஃப்.சி. வீரர்களுக்கு அப்படிப்பட்ட சங்கம் இல்லை. அவர்களுக்குப் போன பங்கு நூற்றுக்கு இருபதுக்கும் குறைவு என்று நீதிமன்ற ஆவணங்களில் வெளிவந்தது. 2014-ல் சில வீரர்கள் வழக்குப் போட்டார்கள். பத்து ஆண்டு இழுத்தடித்து, 37 கோடியே 50 லட்சம் டாலர் இழப்பீட்டுக்கு 2025 பிப்ரவரியில் நீதிமன்றம் இறுதி ஒப்புதல் கொடுத்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களுக்கு அதில் பங்கு.

பிரான்சிஸ் இங்கானு என்பவரின் கதையும் நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டில், பத்து வயதுப் பருவத்திலேயே மணல் குழியில் மண்வெட்டி பிடித்தவர். பாரிஸ் நகரத் தெருவில் படுத்துறங்கியவர். 2021 மார்ச்சில் யு.எஃப்.சி.யின் கனரக எடைச் சாம்பியன் ஆனார். உச்சியில் நின்றபோது அவர் கேட்டது என்ன? தமக்கு நல்ல கூலி. அதோடு வீரர்களுக்கு மருத்துவக் காப்புறுதி, அவர்களுக்காகப் பேச ஓர் ஆள். பேச்சு படியவில்லை. 2023 ஜனவரியில் பட்டத்தை விட்டுவிட்டு வெளியேறினார். அதே ஆண்டு அக்டோபரில் ரியாத்தில் டைசன் பியூரியோடு குத்துச்சண்டை போட்டார். தீர்ப்பில் தோற்றாலும், அதுவரை காணாத பணத்தை அந்த ஓர் இரவில் பார்த்தார். மணல் குழியில் கூலி வாங்கியவருக்குக் கூலியின் அருமை தெரிந்திருந்தது.

தம்பிகள் கைப்பேசியில் பார்ப்பது இங்கானுவின் அடியை மட்டுமே. அவர் கேட்ட கேள்வியைப் பார்ப்பதில்லை.

"சார், சரவாக் பையன் ஜொஹான் கசாலி 2023-ல் பாங்காக் லும்பினியில ஜெயிச்சு 100,000 அமெரிக்க டாலர் ஒப்பந்தம் வாங்கினானே!" என்றான் பையன். உண்மைதான், முவாய்தாயில் பெயர் வாங்கிய கெட்டிக்காரப் பையன். பதினேழு வயதுகூட அப்போது ஆகவில்லை. ஆனால் ஒப்பந்தத்தின் மதிப்பு ஒன்று, கைக்கு வரும் ரொக்கம் இன்னொன்று. ஒப்பந்தத் தொகை சண்டை சண்டையாகத்தான் வரும். அதுவும் ஆயிரம் பேர் படியேறும் இடத்தில் மேலே போய் நிற்கும் ஒருவரின் கதை.

உடம்புதான் முதல்

பால்மரத்துக்குப் பட்டை எப்படியோ, சண்டைக்காரருக்கு உடம்பு அப்படி. கண்ட கண்ட இடத்தில் வெட்டினால் மரம் எத்தனை நாள் பால் தரும்?

எடை குறைப்பது இந்தத் தொழிலின் பெரிய ஆபத்து. தம்மைவிடச் சிறியவரோடு மோதலாம் என்ற ஆசையில், எடை பார்க்கும் நாளுக்கு முன் தண்ணீர் குடிக்காமல், சூட்டு அறையில் உட்கார்ந்து வியர்த்து, சில நாளில் பல கிலோவை இறக்குவார்கள். 2015 டிசம்பரில் யாங் ஜியான் பிங் என்ற 21 வயதுச் சீன வீரர், மணிலாவில் சண்டைக்கு முதல் நாள் இப்படி எடை குறைக்கும்போது விழுந்து, மறுநாள் இறந்தார். அடி வாங்கிச் சாகவில்லை. தண்ணீர் இல்லாமல் செத்தார். அதன் பிறகே ஒன் சாம்பியன்ஷிப் விதியை மாற்றியது. உடலில் நீர்ச்சத்து இருக்கிறதா என்று சிறுநீரைச் சோதித்துப் பார்த்த பிறகே எடையை ஏற்றுக்கொள்ளும் முறை வந்தது. சிறிய உள்ளூர் மேடைகளில் இவ்வளவு கண்காணிப்பை எதிர்பார்க்க முடியாது. ஆகவே கண்காணிக்க வேண்டியவர்கள் வீட்டார்தான்.

அடுத்தது தலை. எலும்பு முறிந்தால் தெரியும். மூளை குலுங்கினால் வெளியே தெரியாது. தலைவலி, மறதி, வாந்தி, வெளிச்சம் பார்த்தால் கூச்சம் என்று பையன் சொன்னால், தைலம் தேய்த்துப் படுக்க வைக்காதீர்கள். மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் அனுமதி தரும்வரை பயிற்சிக் கூடத்தில்கூடத் தலையில் அடி படக்கூடாது.

தாரா சிங் காட்டிய வழி

தோட்டத்துப் பெரியவர்களுக்குத் தாரா சிங்கையும் கிங்காங்கையும் நினைவிருக்கும். என் தாத்தா அவர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சோறு ஆறிப்போகும். பஞ்சாப் கிராமத்துப் பையனாக 1947-ல் சிங்கப்பூருக்கு வந்தவர் தாரா சிங். பீப்பாய் செய்யும் ஆலையில் வேலை பார்த்துக்கொண்டேதான் மல்யுத்தம் பழகினார். மலாயா முழுதும் பெயர் பெற்றார். ஹங்கேரி நாட்டுக் கிங்காங் இங்கேயே தங்கிச் சண்டை போட்டு, 1970-ல் ஒரு கார் விபத்தின் விளைவாக இறந்துபோனார்.

தாரா சிங் என்ன செய்தார்? உடம்பு வலுவாக இருக்கும்போதே சினிமாவுக்குப் போனார். மல்யுத்தம் முடிந்த பின்னும் அவருக்கு வேலை இருந்தது. 1987-ல் தொடங்கிய இராமாயணத் தொலைக்காட்சித் தொடரில் அனுமனாக வந்தார். 2003 முதல் 2009 வரை இந்திய மேலவை உறுப்பினராகவும் இருந்தார். ஒரு கை சோர்வதற்குள் மறு கையைப் பழக்கி வைத்தவர் அவர்.

பினாங்கு மண்ணின் மகள் நிக்கோல் டேவிட் இருக்கிறாரே! ஸ்குவாஷில் எட்டு முறை உலகச் சாம்பியன். 2006 முதல் 2015 வரை ஒன்பது ஆண்டு தொடர்ந்து உலகின் முதல் இடம். அவர்கூட 2019-ல், 35 வயதில், மட்டையைக் கீழே வைத்தார். உலகத்தில் முதல்வராய் இருந்தவருக்கே 35-ல் ஓய்வு என்றால், மற்றவர்களுக்கு? அதன் பிறகு இன்னும் நாற்பது ஆண்டு சோறு சாப்பிட வேண்டுமே!

வீட்டார் கேட்க வேண்டியவை

பையனோ பெண்ணோ இந்தத் தொழிலுக்குப் போகிறேன் என்றால், திட்டாதீர்கள். உட்கார வைத்துக் கேளுங்கள்.

முதலாவது, ஒப்பந்தம். கையெழுத்துப் போடுமுன் வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். எத்தனை ஆண்டு? எத்தனை சண்டை? அதற்கிடையில் வேறு மேடையில் ஏறலாமா, கூடாதா? எதிராளி வராவிட்டால் கூலி உண்டா? அடிபட்டால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது? பயிற்சியில் அடிபட்டால்? நிர்வாகி பங்கு எவ்வளவு? இவற்றுக்கு எழுத்தில் பதில் இல்லையென்றால் கையெழுத்தும் வேண்டாம். ஆங்கிலம் புரியவில்லையென்றால் புரிந்தவரிடம் காட்டுங்கள், வெட்கம் வேண்டாம்.

இரண்டாவது, சேமநிதி. முதலாளி போடாவிட்டால் நாமே போட வழி உண்டு. ஊழியர் சேமநிதியின் ஐ-சாராஆன் திட்டம், நிலையான சம்பளம் இல்லாதவர்களுக்காக வந்தது. 2025 முதல், நாம் போடும் தொகைக்கு அரசு நூற்றுக்கு 20 வீதம், ஆண்டுக்கு 500 ரிங்கிட் வரை சேர்த்துப் போடுகிறது. ஆண்டுக்கு 2,500 போட்டால் 500 கிடைக்கும். ஒவ்வொரு சண்டைக் கூலியிலும் முதலில் எடுத்து வைக்க வேண்டியது இதுதான்.

மூன்றாவது, காப்புறுதி. சாதாரண விபத்துக் காப்புறுதியில் சண்டை விளையாட்டுகளைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடுவார்கள். முகவரிடம் இதைத் தெளிவாகக் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நான்காவது, இரண்டாவது தொழில். தேசியப் பயிற்றுநர் சான்றிதழ்த் திட்டம் என்று ஒன்று இருக்கிறது, எஸ்.பி.கே.கே. என்பார்கள். கை வலுவாக இருக்கும்போதே அதன் முதல் நிலையை முடித்து வைத்தால், சண்டை முடிந்த நாளில் கற்பிக்கும் வேலை காத்திருக்கும். மின்சாரம், குளிர்சாதனம், மோட்டார் என்று ஒரு கைத்தொழில் சான்றிதழ் இருந்தால் இன்னும் நல்லது.

ஐந்தாவது, தவணை. இரண்டு ஆண்டு என்றோ மூன்று ஆண்டு என்றோ நாள் குறியுங்கள். அதற்குள் எந்தப் படிக்கு வந்திருக்க வேண்டும் என்று பையனே எழுதட்டும். வராவிட்டால் என்ன செய்வான் என்றும் அவனே எழுதட்டும்.

மடித்து வைத்த கடிதம்

அந்தத் தம்பி என்ன செய்தான் என்று கேட்பீர்கள். அவனிடம் 'போகாதே' என்று நான் சொல்லவில்லை. பயிற்சிக் கூடத்தில் அவனைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் வகுப்பில் ஓரிடத்தில் உட்கார மாட்டாதவன், அங்கே இரண்டு மணி நேரம் வாய் திறக்காமல் உழைத்தான். அந்த ஒழுக்கத்தை நான் கொடுத்ததில்லை. அந்தக் கூடம் கொடுத்தது.

கணக்கு நோட்டின் அந்தத் தாளைக் கிழித்துக் கொடுத்தேன். வேலையை விடும் கடிதத்தை மடித்து வைத்திருந்த அதே பணப்பையில் அதையும் மடித்து வைத்துக்கொண்டான்.

மூன்று மாதம் கழித்து அம்மாவைக் கோயிலில் பார்த்தேன். "இன்னும் பழகத்தான் போறான் சார். ஆனா வேலைக்கும் போறான். ராத்திரி வேலைய மாத்திக் கேட்டுப் பகல் வேலை வாங்கிட்டான். போன மாசம் ஒரு போட்டி, ஜெயிச்சான்," என்றார்.

"காசு உண்டா?" என்று கேட்டேன்.

"பதக்கம்தான் சார்," என்று சிரித்தார். "சாமி மேடையில வெச்சிருக்கேன். அந்தச் சேமநிதிப் பாரமும் எடுத்துட்டு வந்திருக்கான். அதுல எங்க கையெழுத்துப் போடணும்னு தெரியல. நாளைக்கு அனுப்பட்டுமா சார்?"

அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.